சாவி பாய் எழுப்பிய நாற்பத்தொரு பேர்

ராயபுரம் கல்மண்டபம் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில், மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே கிடைத்த நான்கடி இடத்தில் மஜீது சாவி போட்டுக்கொண்டிருந்தார். பூட்டு ரிப்பேர், பீரோ சாவி, வண்டிச் சாவி எல்லாம் உண்டு. அந்தத் தொழிலில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் வண்ணாரப்பேட்டையிலேயே மூன்று பேர் இருந்தார்கள். அது மஜீதுக்கும் தெரியும். அவர் போட்டுக் கொடுத்த சாவிகளில் பத்துக்கு இரண்டு திரும்பி வரும். "பூட்டு மேல தப்பு" என்று சொல்லிவிட்டு மறுபடி அரத்தால் ராவிக் கொடுப்பார். இருந்தும் ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை வரை "சாவி பாய்" என்றால் அவர் ஒருவர்தான். அந்தப் பேர் பூட்டைத் திறந்து வரவில்லை, ஆளை எழுப்பி வந்தது.

யாருக்காவது வலிப்பு வந்து ரோட்டில் விழுந்தால் கூட்டம் முதலில் ஓடி வருவது மஜீதிடம். "பாய், சாவி! சாவி குடு!" என்று கத்துவார்கள். அவர் ஓட மாட்டார். ஓடினால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைப்பு. ராவிக்கொண்டிருந்த சாவியைக் கீழே வைத்து, கையைத் துடைத்து, தனி ஆணியில் தொங்கும் கொத்தை எடுத்துக்கொண்டு நிதானமாக நடப்பார். அந்தக் கொத்துக்கு எமர்ஜென்சி கொத்து என்று பேர். அதில் பித்தளைச் சாவி ஒன்றுகூடக் கிடையாது. பித்தளை வேலை செய்யாது, இரும்புதான் வேண்டும், அதிலும் பழைய பீரோ சாவி என்றால் சீக்கிரம் எழுந்துவிடுவார்கள் என்று அவர் ஒரு கொள்கை வைத்திருந்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் "அனுபவம்" என்பார்.

கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் "காத்து வுடுங்கப்பா" என்று விலக்கிவிட்டு உட்காருவார். விழுந்தவரின் மூடிய விரல்களைப் பிரித்துக் கொத்தை வைத்து அழுத்துவார். கண்ணை மூடிக்கொள்வார். உதடுகள் அசையும். ஏதோ துஆ ஓதுகிறார் என்று ஜனம் நினைத்துக்கொள்ளும். அவர் ஒன்றும் ஓதியதில்லை. உதடு அசைந்தால் பார்க்க நன்றாயிருக்கும் என்பதால் அசைத்தார். இதைப் பிற்பாடு அவரே சொல்லிச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் உதறல் நிற்கும். ஆள் பெருமூச்சு விடுவார். கூட்டம் "சாவி பாயா கொக்கா!" என்னும். மஜீது எதுவும் நடக்காதது மாதிரி எழுந்து கடைக்கு நடப்பார். அந்த நடையை அவர் எத்தனையோ வருடம் பழகி வைத்திருந்தார்.

இப்படி இருபத்திரண்டு வருடத்தில் நாற்பத்தொரு பேர். கணக்கு அவர் தலையில் இருந்தது. கல்யாண வீட்டில் பிரியாணி வருவதற்கு முன்னால் பக்கத்து நாற்காலிக்காரர் வாய் திறந்தால் போதும், முதல் ஆளிலிருந்து ஆரம்பித்துவிடுவார்.

"நாப்பத்தோராவது ஆள எழுப்பிட்டு வந்துட்டியா? அப்டியே ஃபேன் சுத்த மாட்டேங்குது, அத்தயும் எழுப்பு" என்பாள் அவர் மனைவி கைருன்னிசா. இந்த உலகத்தில் அவருடைய கொத்துக்கு மரியாதை தராத ஆள் அவள் மட்டும்தான்.

இரண்டு வருடமாக மஜீதுக்கு ஒரு ரகசியம் இருந்தது. வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போயின. அரம் பிடித்துப் பத்து நிமிடம் ராவினால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். டீ கிளாஸ் நழுவி இரண்டு முறை சட்டை பாழானது. யாரிடமும் சொல்லவில்லை. ஊரார் கைக்கு உயிர் கொடுக்கிறவன் கையிலேயே உயிர் இல்லை என்று வெளியில் தெரிந்தால் என்ன ஆவது?

அப்போதுதான் ஒரு ஷேர் ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு வந்தது. முதுகுத்தண்டு, மூளை, நரம்பு நோய்களுக்கு இலவச மருத்துவ முகாம், ஞாயிற்றுக்கிழமை காலை, கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் என்று சொல்லிக்கொண்டே போனது. கை கால் மரத்துப்போதல் என்ற இடத்தில் மஜீதின் காது நிமிர்ந்தது. வலிப்பு என்ற இடத்தில் நெஞ்சு நிமிர்ந்தது.

"ஞாயித்துக்கெழம முகாமுக்குப் போறேன்" என்றார் வீட்டில்.

"உனுக்கு இன்னா?"

"எனுக்கு இன்னா? அந்த மாதிரி எடத்துல அனுபவப்பட்ட ஆளுங்கோ வேணும்ல."

கைருன்னிசா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனாள்.

பள்ளிக்கூடத்தில் எட்டு மணிக்கே பெஞ்சு நிறைந்துவிட்டது. காசிமேட்டில் மீன் கூடை தூக்குகிறவர்கள், துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்கள், டிரெய்லர் டிரைவர்கள் என்று ராயபுரமே இடுப்பில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மஜீதுக்கு எண்பத்தாறாம் நம்பர் டோக்கன் கிடைத்தது. தெரிந்தவர்கள் "இன்னா பாய், நீயுமா?" என்றபோது டோக்கனைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டு, "நமக்கொண்ணும் இல்ல நைனா, சொம்மா ஒரு ஹெல்புக்கு" என்றார். பேன்ட் பையில் எமர்ஜென்சி கொத்து இருந்தது. டாக்டர்கள் கேட்டால் காட்டலாம் என்று எடுத்து வந்திருந்தார்.

நாற்பதாம் நம்பர் போய்க்கொண்டிருந்தபோது தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் தடாலென்று சத்தம் கேட்டது. இருபது வயதுப் பெண் ஒருத்தி விழுந்து கிடந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. பிளாஸ்டிக் டம்ளர் உருண்டு ஓடியது.

மஜீது அன்றைக்கு நடக்கவில்லை, பாய்ந்தார். இத்தனை டாக்டர்கள் பார்க்க ஒரு சந்தர்ப்பம் இனி எப்போது வரும்? உட்கார்ந்தார், விரலைப் பிரித்தார், கொத்தை வைத்தார், கண்ணை மூடினார். உதடு அசைய ஆரம்பித்தது.

"சாவிய எடுங்க பாய். கையில குத்திரும்."

கண்ணைத் திறந்தார். எதிரே ஸ்டெதஸ்கோப் தொங்க ஒரு பெண் மண்டி போட்டிருந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். மூளை நரம்பு டாக்டர் செங்கொடி. வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் பதற்றப்படாமல் பெண்ணை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். துப்பட்டாவை மடித்துத் தலைக்கு அடியில் கொடுத்தாள். பக்கத்திலிருந்த பெஞ்சைத் தள்ளச் சொன்னாள். கையைக் காலைப் பிடித்து அமுக்க வந்தவர்களை விலக்கினாள்.

"டாக்டரம்மா, நா இந்த மேட்டர்ல நாப்பத்தோரு பேர பாத்தவன்" என்றார் மஜீது, கொஞ்சம் கம்பீரமாக.

"சரி. எடுத்துட்டீங்களா? அந்தக் கடிகாரத்தப் பாத்து எத்தன நிமிஷம்னு சொல்லிட்டே இருங்க."

வேலை என்று ஒன்றைக் கொடுத்துவிட்டதால் மறுக்க முடியவில்லை. கொத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார். ஒரு நிமிடம். ஒரு நிமிடம் இருபது. ஒரு நிமிடம் நாற்பதில் அந்தப் பெண்ணின் உடம்பு தளர்ந்தது. பெருமூச்சு விட்டாள். அவள் கையில் சாவியும் இல்லை, வேறு எதுவும் இல்லை. அவர் உதடும் அசையவில்லை.

மஜீது அசரவில்லை. "மொதல்ல ஒரு அஞ்சு செகண்டு நா வச்சேன்ல, அந்த எஃபெக்டு கொஞ்சம் நின்னிருக்கும்" என்றார்.

செங்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கேலியாகப் பேசவில்லை. "பாய், மூளைக்குள்ள கரெண்டு மாதிரி ஒரு ஓட்டம் இருக்கு. அது திடீர்னு தாறுமாறா ஓடும்போது உடம்பு இழுக்குது. பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்துல தானா அடங்கிரும். அஞ்சு நிமிஷம் தாண்டிச்சுன்னா ஆபத்து, 108க்கு போன் பண்ணணும். இரும்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. யாராவது விழுந்தா நீங்க கடையிலேர்ந்து போய்ச் சேர எவ்ளோ நேரம் ஆவும்?"

மஜீது யோசித்தார். ஆள் ஓடி வந்து சொல்ல வேண்டும், அவர் கை துடைக்க வேண்டும், கொத்தை எடுக்க வேண்டும், அந்த நிதானமான நடை வேறு. "ஒண்ணு, ஒண்ணர நிமிசம் ஆவும்."

"அப்ப அது முடியற நேரத்துக்குத்தான் நீங்க போய்ச் சேர்றீங்க."

இருபத்திரண்டு வருடம், கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்த பஸ்ஸின் பின்னால் கையை வைத்துவிட்டு, தான் தள்ளியதால்தான் பஸ் போனது என்று நினைத்த ஆள் தான் என்று மஜீதுக்குப் புரிய அரை நிமிடம் ஆயிற்று. பரவாயில்லை, நன்மை இல்லாவிட்டாலும் கெடுதலும் இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார். அதற்குள் டோக்கன் வரிசையிலிருந்து ஓடிவந்த அந்தப் பெண்ணின் அம்மா அவரைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"பாய்! நீங்களா? கடவுளா பாத்து அனுப்பிச்சாரு உங்கள!"

அவள் பேர் கன்னியம்மா. வியாசர்பாடியில் வீட்டு வேலை செய்கிறவள். விழுந்து கிடந்த மகள் சங்கமித்ரா. ஆறு வருடத்துக்கு முன் கல்மண்டபம் ஸ்டாப்பில் இந்தப் பெண் பள்ளி யூனிஃபாரத்தோடு விழுந்ததையும், மஜீது வந்து எழுப்பியதையும் அவள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். இருபத்தொன்பதாவது ஆள். மஜீதுக்கும் ஞாபகம் வந்தது.

"அன்னிக்கு பாய் ஒரு சாவி போட்டுக் குட்தாரு டாக்டர். இத்த வூட்ல வச்சுக்கோ, வந்தா கையில குடு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையாதேன்னாரு. இன்னி வரைக்கும் அத்த வச்சித்தான் சமாளிக்கிறோம். இப்பதான் அடிக்கடி வருது. அதான் இட்டாந்தேன்."

சங்கமித்ராவின் இடுப்பில் கறுப்புக் கயிற்றில் அந்தச் சாவி கட்டியிருந்தது. பல் வெட்டாத வெறும் சாவி. அவர் பட்டறையில் போட்டதுதான். அவளுடைய இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தீப்புண் ஆறிய தழும்பு. அடுப்புக்கு முன்னால் ஒரு தடவை விழுந்தாளாம். காலேஜில் சேர்ந்து, வகுப்பில் விழுந்து, வெட்கப்பட்டு நின்றுவிட்டாளாம். மாத்திரை ஒன்றுகூட இதுவரை சாப்பிட்டதில்லை.

செங்கொடி அந்தச் சாவியைப் பார்த்தாள். பிறகு மஜீதைப் பார்த்தாள். அவள் நாலு திட்டு திட்டியிருந்தால் அவர் திருப்பிப் பேசித் தப்பித்திருப்பார்.

எண்பத்தாறாம் நம்பரைக் கூப்பிட்டபோது மஜீது அங்கே இல்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். கைருன்னிசா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார், சிரித்தால் தேவலை என்றும் இருந்தது. அவள் சிரிக்கவில்லை. முந்தானையில் கை துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு இருவத்தொம்பதாவது ஆளா?"

"ஆமா."

"மீதி நாப்பது பேரு?"

அந்தக் கேள்வியோடுதான் மஜீது மறுநாளிலிருந்து மத்தியானங்களில் கடையைப் பூட்டிவிட்டுத் தேட ஆரம்பித்தார். நாற்பது பேரைப் பற்றி அவரிடம் இருந்த தகவல் எல்லாம் கல்யாண வீட்டுக் கதைக்குத் தேவையான அளவுதான்: மீசைக்காரர், பச்சைப் புடவை, ஐஸ் வண்டிக்காரர். பேர் கேட்டதே இல்லை. தன் பேரை அவர்கள் கேட்டார்களா என்பதில்தான் அன்றைக்கெல்லாம் கவனம்.

இரண்டு மாதத்தில் பதினெட்டுப் பேரைக் கண்டுபிடித்தார். கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க அவருடைய கணக்கு தேய்ந்தது. ஏழாவது ஆளுக்கு வலிப்பே இல்லை, அன்றைக்குக் குடித்திருந்தாராம். "நீதானா அது? எம் மோதரத்த அன்னிலேர்ந்து காணோம்யா" என்று அவர் மஜீதின் கையைப் பிடித்துக்கொண்டார். விடுவித்துக்கொண்டு வர ஒரு மணி நேரம் ஆனது. பன்னிரண்டாவது ஆள் நோன்பு வைத்திருந்த அம்மா, வெயிலில் மயங்கியவர். இருபதாவது ஆள் ஒயரிங் செய்யும்போது ஷாக் அடித்து விழுந்தவர். ஷாக் அடித்தவன் கையில் போய் இரும்பை வைத்திருக்கிறோமே என்று மஜீதுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. நிஜமான வலிப்புக்காரர்கள் ஆறு பேர். அதிலும் மூன்று பேர் வருடக்கணக்காக ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு நன்றாக இருந்தார்கள்.

"ஏன்மா எங்கிட்ட சொல்லல?" என்று அதில் ஒரு பூக்காரம்மாவைக் கேட்டார்.

"எப்டி சொல்றது பாய்? நீ அவ்ளோ ஆசையா சாவி குட்தே. மன்சு நோவும்ல."

மீதி மூன்று பேரில் இரண்டு பேர் பேச்சுக்குக் கட்டுப்பட்டு முகாமுக்கு வருவதாகச் சொன்னார்கள். மூன்றாவது ஆள் வல்லரசு.

திருவொற்றியூர்க்காரன். நாற்பது வயது. கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்ட அன்றே மஜீது கிளம்பிவிட்டார். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர்கள் துறைமுகத்துக்குள் போகக் காத்து மைல் நீளத்துக்கு நின்றிருந்தன. ஒவ்வொரு கேபினாக விசாரித்துப் போனார். வல்லரசு பார்த்ததும் குதித்து இறங்கி அவரைக் கட்டிக்கொண்டான்.

"டேய், இங்க வாங்கடா! சாவி பாய்டா! நா சொல்வேன்ல, மூணு வருசம் முன்ன என்ன எழுப்புன மன்சன், இவருதான்!"

நாலைந்து டிரைவர்கள் சூழ்ந்தார்கள். கேபின் கண்ணாடியில் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் ஒரு இரும்புச் சாவி தொங்கியது. ஒருவர் தன் அக்கா பையனுக்கு ஒரு சாவி வேண்டும் என்று கேட்டார்.

"சாவியாவது கீவியாவது! அத்தினியும் பொய்யி. தானா நிக்கிறதுதான் அது" என்றார் மஜீது.

"பாத்தியா, எவ்ளோ அடக்கம்" என்றார் ஒருவர்.

"யோவ், நா டுபாக்கூருய்யா!"

"பெரிய மன்சங்கோ இப்டித்தான் சொல்வாங்கோ."

டீ வந்தது. அவர் கத்தக் கத்த அவருடைய மதிப்பு ஏறிக்கொண்டே போனது. பேர் வாங்கப் பட்ட பாட்டைவிட அதைத் தொலைக்கப் படுகிற பாடு பெரிதாக இருக்கிறதே என்று நொந்துகொண்டு வல்லரசைத் தனியாக வண்டிக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"கடைசியா எப்போ வந்துச்சு?"

வல்லரசின் முகம் மாறியது. சுற்றிலும் பார்த்துக்கொண்டான். "போன மாசம். இதே கியூல. இன்ஜின் ஆஃப்ல கீது. முழிச்சா வாயெல்லாம் ரத்தம், நாக்க கட்ச்சிகினு கீறேன். கிளீனர் தூங்குறேன்னு நென்ச்சிக்கினான். ஓட்டிகினு கீறப்போ வந்ததே இல்ல பாய்."

"வந்தா?"

"அதான் சாவி கீதே."

"யாரு எடுத்துக் குடுப்பா? வண்டி ஓடிகினு கீது, முன்னாடி ஸ்கூல் வேன் போவுது. யாரு குடுப்பா?"

அப்போது மஜீது, இதுவரை கைருன்னிசாவிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவருடைய முதல் ஆள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் காசிமேட்டில், ஏலம் நடக்கிற இடத்தில் ஒரு கூலி ஆள் விழுந்து துடித்தார். கல்யாண வீடுகளில் மஜீது அந்தக் கட்டத்தைச் சொல்லும்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு போவார்.

"நா பொளந்துகினு போவல வல்லரசு. ஓடிகினு இருந்தேன். எதிர்ப்பக்கம். அந்தாளு துடிக்கறதப் பாத்து பயத்துல ஒதறுது எனுக்கு. ஒரு மீன்காரம்மா எங் கையில கீற கொத்தப் புடுங்கினு போயி அந்தாளு கையில வச்சிச்சு. அதுல கஸ்டமரு வூட்டு சாவி கெடந்துச்சு. அத்த வாங்கத்தான் திரும்பிப் போனேன். போறப்போ அந்தாளு எழுந்து குந்திகினு கீறான். சாவி யாருதுன்னு கேட்டாங்கோ. என்துன்னேன். அவ்ளோதான். அன்னிலேர்ந்து சாவி பாய்."

வல்லரசு சிரிப்பான் என்று நினைத்தார். அவன் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அப்போ வண்டி?" என்று கேட்டான். "டாக்டரு கிட்ட போனா ஓட்டாதேம்பாங்கோ. எனுக்கு வேற இன்னா தெரியும் பாய்?"

எல்லாக் கேள்விக்கும் ஒரு கொள்கை வைத்திருந்த மஜீதுக்கு இதற்கு ஒன்றும் வரவில்லை. "தெர்ல" என்றார். அவர் வாழ்க்கையில் அந்த வார்த்தையை நாலு முறைக்கு மேல் சொல்லியிருக்க மாட்டார்.

அதன் பிறகும் இரண்டு முறை போனார். இரண்டாவது முறை வல்லரசு கேபினை விட்டு இறங்கவில்லை. மூன்றாவது முறை வீட்டுக்கே போனார். வல்லரசின் மனைவிக்கு மேலோட்டமாக விஷயம் தெரிந்திருந்தது, ஓட்டும்போது வந்ததில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். மஜீது பள்ளிக்கூடத்தில் கடிகாரம் பார்த்ததைச் சொன்னார்.

அடுத்த முகாம் திருவொற்றியூரில் நடந்தது. வல்லரசு மனைவியோடு வந்தான். மஜீது இருந்த பக்கம் திரும்பவில்லை. செங்கொடி அவனை அரை மணி நேரம் விசாரித்தாள். ஸ்கேனுக்கும் மூளை அலைப் பரிசோதனைக்கும் எழுதினாள், மாத்திரை எழுதினாள். கடைசியில், இனி கனரக வண்டி ஓட்டவே கூடாது என்றாள். வெளியே வந்தவன் நேராக மஜீதிடம் வந்தான்.

"சந்தோசமா? சோக்கா கீதா இப்போ? சாவி குட்து எழுப்புனே, இப்போ சோத்துல மண்ணள்ளிப் போட்டே!"

முகாமே திரும்பிப் பார்த்தது. மஜீது தலையைக் குனிந்துகொண்டார். அவன் சொன்னதில் தப்பு எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

செங்கொடி அவனுக்காக யாரிடமோ பேசினாள். முகாம் நடத்தும் டிரஸ்ட்டில் இருந்த ஒருவர் வேறு யாரிடமோ பேசினார். மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட்டில் பாஸ் பார்க்கிற வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. உட்கார்ந்தே இருப்பதால் தொப்பை போட்டுவிட்டது என்று கேள்வி. வலிப்பு திரும்ப வரவில்லை. வல்லரசு மஜீதிடம் ஒரு வருடமாகப் பேசவில்லை. அவன் மனைவி மட்டும் ஒரு நாள் திருவொற்றியூரிலிருந்து கல்மண்டபம் வரை பஸ் ஏறி வந்து ஒரு பூட்டை ரிப்பேருக்குக் கொடுத்தாள். மஜீது கழற்றிப் பார்த்தார். பூட்டில் ஒரு குறையும் இல்லை. எண்ணெய் விட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தத் திருவொற்றியூர் முகாமில்தான், கூட்டம் கலைந்த பிறகு, செங்கொடி அவரைக் கூப்பிட்டாள்.

"போன தடவ எம்பத்தாறாம் நம்பர் வரவேயில்ல. லிஸ்ட்டுல உங்க பேரு இருந்துச்சு."

"அது சொம்மா."

"கையக் காட்டுங்க."

காட்டினார். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, அரம் பிடித்துப் பிடித்து வந்தது என்றாள். பட்டை ஒன்று கட்டிவிட்டாள். நாலு மாதம் பார்த்துவிட்டு ஸ்டான்லியில் சின்ன ஆபரேஷன் செய்தார்கள். விரலில் உணர்ச்சி மெதுவாகத் திரும்பியது. ஒன்றரை மாதம் அரம் பிடிக்கக் கூடாது என்பதால் கடையை மூடிவிட்டு முகாம் முகாமாகப் போனார். டோக்கன் கொடுக்கிற வேலை அவருக்கு. வலிப்பு என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் இடுப்பில் இரும்பு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். இருந்தால், "எங் கடைல போட்டதா பாரு" என்று கேட்டுவிட்டு, தன் கதையை முழுதாகச் சொல்லுவார். காசிமேட்டில் ஓடியதையும் சேர்த்துத்தான். பிரியாணிக்கு முன்னால் சொன்ன பழைய கதையைவிட இதற்குச் சிரிப்பு அதிகம் கிடைத்தது. அதில் கொஞ்சம் பெருமையும் வர ஆரம்பித்ததைக் கைருன்னிசா கவனித்துவிட்டாள். "இப்போ முட்டாள்தனத்துல ஃபர்ஸ்ட் பிரைஸு வாங்கப் போறியா?" என்றாள்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு சங்கமித்ரா ஏழு மாதம் விழவில்லை. எட்டாவது மாதம் ஒரு தடவை வந்தது. சளி என்று இரண்டு நாள் மாத்திரையை விட்டிருந்தாள். கன்னியம்மா பயந்துபோய் மஜீதுக்குத்தான் முதலில் போன் செய்தாள். அவர் மாத்திரையை நிறுத்தியதற்குப் போனிலேயே சத்தம் போட்டார். போட்டுவிட்டு, யாரிடம் சத்தம் போடுகிறோம் என்று ஞாபகம் வந்து, "மன்னிச்சுக்கோம்மா" என்றார். கன்னியம்மாவுக்கு எதற்கு மன்னிப்பு என்று புரியவில்லை. சங்கமித்ரா தபால் வழியில் படிப்பைத் தொடர்கிறாள். பாய் மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. பார்த்தால் தலையை மட்டும் அசைப்பாள்.

போன சித்திரையில் ஒரு நாள், வெயில் உச்சியில் இருக்கும்போது, கல்மண்டபம் ஸ்டாப்பில் ஃபேக்டரி யூனிஃபாரம் போட்ட ஒருவர் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு அடி வைத்து விழுந்தார்.

"பாய்! சாவி!"

மஜீது ஓடினார். மரியாதையைப் பற்றி யோசிக்கவில்லை. கையில் கொத்து இல்லை, வாட்ச் இருந்தது. ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். சாப்பாட்டுப் பையைத் தலைக்கு அடியில் கொடுத்தார். காலர் பட்டனைக் கழற்றினார். வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னாய்யா குந்திகினு கீறே? சாவி குடு!"

"சாவி வேணாம், தானா நிக்கும். காத்து வுடுங்க."

"கடை ஃபுல்லா சாவி. ஒண்ணு குடுக்க மன்சு வர்ல பாரேன்."

"டைம் பாக்கறான்யா! கடைக்கு நேரமாச்சாம்!"

இருபத்திரண்டு வருடம் அவரைத் தூக்கி வைத்திருந்த அதே ஜனம்தான். யாரோ முதுகில் தட்டினார்கள், தட்டலில் கொஞ்சம் பலம் இருந்தது. அதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து பஞ்சர் கடைக்காரர் டயர் கழற்றும் இரும்புப் பட்டையோடு ஓடி வந்தார். அவர் பேர்தான் சின்னப்பையன், வயது அறுபது. மஜீதைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு இரும்பை ஆள் கையில் வைத்து அழுத்தினார். ஒரு நிமிடம் ஐம்பதில் உதறல் நின்றது.

"சின்னப்பையண்ணே, சூப்பர்ணே!"

"ஒரு நிமிசம் அம்பது" என்றார் மஜீது. கேட்க யாரும் இல்லை.

தெளிந்தும் தெளியாமலும் இருந்தவரைப் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து ஸ்டான்லிக்கு அழைத்துப் போனார். சீட்டு எழுதி, வீட்டுக்குப் போன் போட்டு, மனைவி வரும்வரை மூன்று மணி நேரம் இருந்தார். திரும்பி வந்தபோது பஞ்சர் கடையில் ஐந்தாறு பேர் நின்று கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னப்பையன் எதுவும் நடக்காதது மாதிரி டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார். அந்த முகத்தை மஜீதுக்கு நன்றாகத் தெரியும்.

எல்லோரும் போன பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். மூளை, கரெண்டு, நிமிடம், மாத்திரை எல்லாம். சின்னப்பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பொறாமய்யா உனுக்கு" என்றார்.

மஜீதுக்கு வந்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டியதாயிற்று, சின்னப்பையனிடமிருந்தே.

மறுநாளும் நாலு மணிக்கு அங்கே போய் உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். சில நாள் அந்தப் பேச்சை எடுப்பார், சில நாள் வெறும் டீயோடு வந்துவிடுவார். மூன்றாவது வாரம் ஒரு நாள் சின்னப்பையன் டயரைக் கழற்றிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்:

"எங் கொழுந்தியா பொண்ணுக்கு இந்த வலிப்பு கீது. அந்த டாக்டரு இன்னா கெழமைல வர்றாங்கோ?"